கொடிமரத் தோட்டத்துக்கு வந்த மெரினா

நகரமைப்புப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கம் தரும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஊக்கம் என்னிடம் கையிருப்பில் இல்லை. ஓய்வு பெற்ற அன்று மேசை, நாற்காலி, இரும்பு அலமாரியோடு அதையும் ஒப்படைத்துவிட்டேன். அனுபவம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது ஊக்கத்துக்கு நேர் எதிரான சரக்கு என்றாலும், வேறு கைவசம் இல்லாததால் அதையே தருகிறேன்.

பணியில் இருந்த காலம் முழுவதும் எனக்கு ‘ரூல்ஸ் சார்’ என்று பெயர். பாராட்டாக வைத்த பெயர் அல்ல. வரைபடத்தில் திசைக்குறி விட்டுப்போயிருந்தாலும், குறிப்பாணையில் தேதி பிசகியிருந்தாலும், அதைச் சுட்டிக்காட்டாமல் எனக்குச் சோறு இறங்காது. செங்கல்பட்டில் என் முதல் மேலதிகாரி இதற்காக என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார்.

ஒரு தடவை ஏரிக்கரையை ஒட்டி மனை பிரிக்க வந்த ஒருவரின் விண்ணப்பத்தில் புல எண் தவறாக இருந்ததைக் கண்டுபிடித்து மேலதிகாரியிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் கோப்பை மூடிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்றார். விண்ணப்பதாரர் எல்லா மேசைகளையும் கும்பிட்டுக் கடந்து கடைசிக் கையெழுத்துக்கு வந்து நின்றபோது, மேலதிகாரி அந்தப் புல எண்ணை எடுத்து அவர் முன்னால் வைத்தார். திருத்திக்கொண்டு மறுபடி முதல் மேசையிலிருந்து வர அவருக்குத் தெம்பில்லை; மனைத் திட்டம் அங்கேயே விழுந்தது. ஏரி பிழைத்தது. ஒரு மனிதரை அத்தனை காலம் வீணாக அலையவிட்டது நியாயமா என்று நான் மேலதிகாரியிடமே கேட்டேன். அந்த வயதில் அந்தத் தைரியம் இருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“ஓட்டைய கண்டுபிடிக்கிறது கிளார்க் வேலைப்பா. அத எப்ப சொல்றதுன்னு தெரிஞ்சவன்தான் ஆபீசர்” என்றார்.

அவர் கணக்குப்படி நான் கிளார்க்காகவே ஓய்வு பெற்றேன். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை, கொடிமரத் தோட்டம் விவகாரம் வரும்வரை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஈ.சி.ஆர். சாலையிலிருந்து கடலைப் பார்த்துப் பிரிகிற ஒரு சிறு நகரத்தில் நான் ஓய்வுக்குப் பிறகு குடியேறினேன். பெயர் வேண்டாம். அங்கே கழிமுகத்தை ஒட்டி ஒரு பூங்கா. கப்பலுக்குக் கொடி ஏற்றிக் காட்டிய காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்டது. கொடிமரம் எப்போதோ விழுந்துவிட்டது; அது நின்ற கருங்கல் மேடை மட்டும் இருந்தது. சுற்றிலும் புன்னை மரங்கள், ஒரு காலத்தில் தண்ணீர் பீய்ச்சியதாகச் சொல்லப்படும் ஒரு நீரூற்று, உட்கார்ந்தால் வேட்டியில் துரு ஒட்டுகிற பெஞ்சுகள். காலையில் குப்பத்து ஆட்கள் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துவார்கள். சாயங்காலம் கல்பாக்கம் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் வீட்டுக்குப் போகும் முன் அரை மணி நேரம் காற்று வாங்குவார்கள். வெயில் தாழ்ந்ததும் பள்ளிவாசல் தெருப் பெண்கள் பிள்ளைகளோடு வருவார்கள். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் கடலாடிவிட்டு அந்தப் புன்னை நிழலில்தான் சற்று நேரம் இறக்கி வைக்கப்படும். அங்கே நுழையச் சீட்டு இல்லை, கதவும் இல்லை. கதவு இருந்த இடத்தில் மும்தாஜின் டீக்கடை இருந்தது.

மும்தாஜுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் இறந்தபின் அந்தக் கடையை வைத்துத்தான் பிள்ளைகளைக் கரையேற்றினார். வாய் அதிகம். ஊரில் எல்லாருக்கும் அவர் அக்கா. என்னை மட்டும் ‘சார்’ என்பார். அதுவும் வேலை போன சார் என்ற தொனியில்.

இந்த இடத்தைத்தான் ஒரு நிறுவனம் கேட்டது. தோட்டத்தைத் தோண்டி, கழிமுகத்தை அகலப்படுத்தி, கடலை உள்ளே விட்டு, பணக்காரர்களின் சொந்தப் படகுகள் வந்து நிற்க ஒரு துறை. அதைச் சுற்றி விடுதி, அதைச் சுற்றி மதில். விதிப்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். நடத்தினார்கள். விதிப்படி தமிழில் சுருக்க அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள்.

அந்த அறிக்கையின் தலைப்பு ‘உத்தேச மெரினா வளாகம்’.

மெரினா என்றால் உல்லாசப் படகுகளைக் கட்டி நிறுத்தும் துறை என்பது உங்களுக்குத் தெரியும். உலகத்தில் எல்லாருக்கும் தெரியும், தமிழ்நாட்டுக்காரர்களைத் தவிர. நமக்கு மெரினா ஒன்றே ஒன்றுதான். அது மெட்ராஸில் இருக்கிறது. மணல், சுண்டல், ராட்டினம், குதிரை சவாரி, பலூன் சுடுதல், மிளகாய் பஜ்ஜி. மொழிபெயர்த்தவர் அந்தச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் சோம்பேறியா, சமர்த்தரா என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. மற்ற இடங்களில் அவர் நன்றாகவே உழைத்திருந்தார். தோட்டம் ‘குறைந்த பயன்பாட்டில் உள்ள திறந்தவெளி’ ஆகியிருந்தது. அதைத் தோண்டுவது ‘நீர்ப்பரப்பு மேம்பாடு’ ஆகியிருந்தது.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை பெண் உட்காரும் மேடையில் அதிகாரிகளும் நிறுவனத்தின் ஆலோசகர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் முந்தின நாள் கல்யாணத்தின் பூத்தோரணம் அவிழ்க்கப்படாமல் தொங்கியது. முதல் சிலரில் ஒருவனாக நான் பேசினேன். கடற்கரை ஒழுங்குமுறை, கழிமுக நீரோட்டம், கரை அரிப்பு, திறந்தவெளி ஒதுக்கீடு, ஒவ்வொன்றுக்கும் விதி எண். ஆங்கிலச் சொல் கலக்காத தமிழில் பேச வேண்டும் என்ற பிடிவாதத்தில் ‘உல்லாசப் படகுத்துறை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த உல்லாசப் படகுத்துறையை இங்கே அனுமதிக்கவே கூடாது என்று முடித்தேன். மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

அடுத்து மும்தாஜ் எழுந்தார். ஒலிபெருக்கியை வாங்கி, ஊதிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“மெரினா வரட்டும் சார். மெட்ராஸ்காரனுக்கு மட்டும்தான் மெரினாவா, நமக்கு வேணாமா? ஆனா ஒண்ணு. கடையெல்லாம் உள்ளூர் ஆளுங்களுக்குத்தான் குடுக்கணும். வெளியூர்க்காரன் குதிரைய இட்டுகினு வந்து டப்பு பாத்துகினு போகக் கூடாது.”

மண்டபமே சிரித்துக் கை தட்டியது. மேடையும் சிரித்தது. ஆலோசகர்களில் ஒருவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். அம்மா, இது அந்த மெரினா இல்லை என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நான் எழுந்தேன். அந்தச் சொல்லை விளக்க வேண்டும் என்றேன். தலைமை வகித்த அதிகாரி மிகவும் பண்பாக, நீங்கள் பேசிவிட்டீர்கள் சார், ஒருவருக்கு ஒரு வாய்ப்புதான் என்றார். விதி அப்படித்தான் இருக்கிறது. நானே பல கூட்டங்களில் பலரை அந்த விதியைச் சொல்லி உட்கார வைத்திருக்கிறேன். உட்கார்ந்தேன்.

அதன்பிறகு எழுந்த எல்லாரும் மெரினாவுக்கு என்னென்ன வேண்டும் என்றே பேசினார்கள். விளக்கு வேண்டும், கழிப்பறை வேண்டும், போலீஸ் பூத் வேண்டும். வெளியே வந்தபோது குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர் ஏழுமலை என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“கரெக்டா சொன்ன சார். படகுத்துறையெல்லாம் நமக்கு வேணாம். மெரினா மட்டும் வந்தா போதும்.”

அவருக்கு நின்று விளக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, நல்ல மனுஷன்தான், வயசாயிடுச்சு என்பதுபோல் இருந்தது.

என் விளக்கத்தால் புரியாதது ஒரு பலகையால் புரிந்தது. நிறுவனம் தோட்டத்துக்கு எதிரே ஒரு பெரிய விளம்பரப் பலகை வைத்தது. நீலத் தண்ணீர், வெள்ளைப் படகுகள், படகின் மேல் குளிர்கண்ணாடி போட்ட ஒரு குடும்பம். பின்னணியில் தெரிந்த கலங்கரை விளக்கத்தை வைத்து ஊர்க்காரர்கள் இடத்தைக் கணக்குப் போட்டார்கள். புன்னை மரங்கள் நிற்கும் இடம் முழுவதும் தண்ணீர். மும்தாஜ் பலகையின் கீழே நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, “இது இன்னாது, நம்ம கடை தண்ணிக்குள்ள கீது” என்றாராம்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நிறுவனம் ஒரு சிறு படம் எடுத்து எல்லார் கைபேசிக்கும் அனுப்பியது. ‘உள்ளூர் மக்களின் குரல்’ என்ற தலைப்பில் முதல் ஆளாக மும்தாஜ் வந்து, “மெரினா வரட்டும் சார்” என்றார். குதிரை சமாச்சாரத்தை வெட்டிவிட்டார்கள்.

ஊர் தனக்கு வந்த வெட்கத்தை மொத்தமாக அவர் தலையில் இறக்கியது. மண்டபத்தில் கை தட்டியவர்களே முன்னால் நின்றார்கள். அவருக்கு ‘மெரினா மும்தாஜ்’ என்று பெயர் ஆனது. “இன்னா மெரினா, கப்பல் எப்ப வருது?” என்று பையன்கள் கேட்டுவிட்டு ஓடினார்கள். குப்பத்து ஆட்கள் டீக்கு ஈ.சி.ஆர். முனை வரை நடந்து போனார்கள். பள்ளிவாசல் தெருவில் ஒரு கல்யாணத்தில், இவர் உட்கார்ந்த பந்தியில் பக்கத்து இடங்கள் காலியாகவே கிடந்தனவாம். பார்க்கை விற்றவள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

ஒரு மத்தியானம் அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், நான் சொன்னத நான் திருப்பி வாங்கணும். அதுக்கு எங்க போணும்?”

என் பணிக்காலத்தில் மக்கள் என்னிடம் வரைபட அனுமதி கேட்டிருக்கிறார்கள், சாலை கேட்டிருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரன் கட்டிய சுவரை இடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கும் பிரிவு எது என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் அதற்கும் வழி உண்டு என்று எனக்குத் தெரியும். சுருக்க அறிக்கை மக்களைத் தவறாக எண்ணவைத்தது என்று எழுதிக் கொடுத்தால், கூட்டத்தை மறுபடி நடத்தச் சொல்லலாம். சொல்லலாமா என்று கேட்க, திட்டத்தை எதிர்த்து ஊர் போட இருந்த வழக்கை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்த செங்கல்பட்டு வழக்கறிஞர் ராஜேஸ்வரியை வரச் சொன்னேன்.

கொடிமர மேடையில் மூவரும் உட்கார்ந்தோம். வழக்கறிஞர் அந்தத் தமிழ் அறிக்கையைப் படித்துவிட்டு முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டார். வேண்டவே வேண்டாம், எதையும் இப்போது எழுதிக் கொடுக்காதீர்கள் என்றார்.

“அவங்க படகுல ஓட்டை இருக்கு சார். நடுக்கடலுக்குப் போகட்டும். கரையில நிக்கும்போதே காட்டிக் குடுத்தா அடைச்சிட்டுப் போயிடுவாங்க.”

அவர் கணக்கு இதுதான். இந்தக் குறையோடேயே திட்டத்துக்கு அனுமதி கிடைக்கட்டும். பிறகு மேல்முறையீட்டில், மக்களுக்கு விஷயமே சொல்லப்படவில்லை என்று காட்டினால் அனுமதி ரத்தாகும். நான் எழுந்ததும், உட்கார வைக்கப்பட்டதும் கூட்டத்தின் வீடியோவில் இருக்கிறது; அதுவே சாட்சி. முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை வந்தால் இந்த முதலீட்டாளர்கள் காத்திருக்க மாட்டார்கள், வேறு கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஆனால் இந்தப் பேச்சு மூன்று பேரைத் தாண்டக் கூடாது. குப்பத்தில் தெரிந்தால் மறுநாளே நிறுவனத்துக்கும் தெரியும்.

என் பழைய மேலதிகாரி எழுந்து வந்து சேலை கட்டிக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

“அது வரிக்கும் நான்?” என்றார் மும்தாஜ்.

“கொஞ்சம் பொறுத்துக்கணும்மா. ஒரு வருஷம் ஆகலாம். அதிகமாவும் ஆகலாம்.”

“எத்த பொறுத்துக்கணும்?”

“ஊர் பேசறத.”

“நீ ஒரு நாளு வந்து என் கடையில நின்னு அத்த கேளு. அப்பறமா பொறுக்கறதப் பத்திப் பேசலாம்.”

வழக்கறிஞர் கோபப்படவில்லை. நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள் என்பதுதான் வழக்கே, அந்த வீடியோதான் நம் ஆயுதம் என்று நிதானமாக விளக்கினார். மும்தாஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவருக்குப் புரியவில்லை என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். மிக நன்றாகப் புரிந்தது.

“கேஸு ஜெயிக்கிற வரிக்கும் நான் ஏமாந்தவளாவே இருக்கணும். தோத்துட்டா சாவற வரிக்கும் பார்க்கை வித்தவ. அதான?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ எழுதிக் குடு சார். நான் கையெழுத்துப் போடறேன்” என்றார்.

வழக்கறிஞர் என்னைத் தனியே அழைத்துப் போனார். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார், அவரை நிறுத்துங்கள் என்றார். நல்லவராக இருப்பதற்கு இது இடம் இல்லை என்றும் சொன்னார்.

இரண்டு நாள் யோசித்தேன். நான் மறுத்திருந்தால் மும்தாஜ் வேறு ஆளிடம் போயிருக்க மாட்டார். அந்த ஊரில் அப்படி ஒரு மனுவை எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு பக்கம் தோட்டம். மறு பக்கம் ஒரு பெண், ஒரு தவறான பதிவு. அவர் சம்மதத்தைத் திருடித்தான் வாங்கினார்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும், வழக்குக்கு உதவும் என்று அதைத் திருடனிடமே விட்டுவைப்பது எனக்கு ஒப்பவில்லை. தவறாக எழுதப்பட்ட ஒன்று எங்கோ ஒரு கோப்பில் கிடக்கிறது, அது தவறு என்று எனக்குத் தெரியும், நான் வாயை மூடிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் ஒப்பவில்லை. இந்த இரண்டில் எது என்னை எழுத வைத்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. எழுதினேன். குறை சொல்ல முடியாத மனு. மெரினா என்ற சொல் இந்த மாவட்டத்தில் எப்படிப் பொருள்படும், அறிக்கையில் அதற்குப் பதில் என்ன சொல் இருந்திருக்க வேண்டும், வரைபடம் எப்படி வரையப்பட்டிருக்க வேண்டும், எல்லாவற்றையும் வகைப்படுத்திக் கொடுத்தேன். மும்தாஜ் கையெழுத்திட்டார்.

பதில் நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்தது. மறு கூட்டம் நடத்தப்படும். நிறுவனம் மனமுவந்து ஒப்புக்கொள்கிறது.

நீங்கள் அந்த இரண்டாவது கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். பயிற்சிக்குப் படம் பிடித்துக் காட்டலாம், அத்தனை ஒழுங்கு. புதிய தமிழ் அறிக்கையில் மெரினா என்ற சொல்லே இல்லை. எல்லா இடத்திலும் ‘உல்லாசப் படகுத்துறை’. என் சொல். தோட்டம் எது, தண்ணீர் எதுவரை வரும், எத்தனை மரம் போகும் என்று வண்ண வரைபடம். அதுவும் நான் கேட்டபடியே. ஆலோசகர் ஒருவர் மேடையிலிருந்து இறங்கிவந்து, உங்கள் மனு எங்களுக்கு ரொம்ப உதவியாக இருந்தது சார் என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே சொன்னார்.

மும்தாஜ் முதலில் பேசினார்.

“போன தடவ வரட்டும்னு சொன்னது நான்தான். எனக்கு மெரினான்னா மெட்ராஸ்ல கீற பீச்சு. நீங்க மேல உக்காந்துகினு சிரிச்சீங்க. இது அது இல்லம்மான்னு ஒருத்தர் கூட சொல்லல. நான் சொன்னத அழிக்க வேணாம் சார். அதுக்குக் கீழயே எழுதுங்க. இந்தப் பொம்பளைக்கு விஷயத்த சொல்லாம சம்மதம் வாங்கினோம்னு எழுதுங்க.”

இந்த முறை மேடை சிரிக்கவில்லை. மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. அதன்பிறகு பேசியவர்கள் ஒருவர் விடாமல் எதிர்த்தார்கள். ஏழுமலை மாசி மகத்தன்று அங்கே இறங்கும் சாமிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வெளியே வந்ததும் பெண்கள் மும்தாஜைச் சூழ்ந்துகொண்டார்கள். மறுநாள் காலை குப்பத்து ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அவர் கடையில் டீ குடித்தார்கள். பட்டப்பெயர் போய்விட்டது. அவர் கேட்டது அவருக்குக் கிடைத்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம் வாக்கெடுப்பு இல்லை. இதை நீங்கள் படித்திருப்பீர்கள். எல்லாரும் எதிர்த்தாலும் திட்டம் விழாது. எல்லாரும் என்ன சொன்னார்கள் என்று எழுதப்பட வேண்டும், நிறுவனம் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எழுதினார்கள். பதில் சொன்னார்கள். நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. புன்னை மரங்களை வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நட வேண்டும். வாகன நிறுத்துமிடத்தின் மொட்டைமாடியில் மாற்றுப் பூங்கா அமைக்க வேண்டும்.

மேல்முறையீட்டில் ராஜேஸ்வரி முடிந்தவரை வாதாடினார். கழிமுகம், அரிப்பு, பாரம்பரியம் எல்லாம் நிபுணர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்ட விஷயங்கள் என்று ஆனது. மக்களுக்குச் சொல்லப்படவில்லை என்ற ஒரே பலமான வாதம் அவரிடம் இல்லை. எதிர்த்தரப்பு முதல் ஆவணமாகத் தாக்கல் செய்ததே என் மனுவைத்தான். பாருங்கள், ஒரு டீக்கடைப் பெண்மணியின் ஐயத்துக்காக மொத்தக் கூட்டத்தையும் மறுபடி நடத்தினோம் என்றார்கள். யார் கேட்டாலும் நம்புவார்கள். நடந்ததும் அதுதானே. மேல்முறையீடு தள்ளுபடி ஆன அன்று ராஜேஸ்வரி தொலைபேசியில் தீர்ப்பை வாசித்துக் காட்டினார். பிறகு, “அழகாத்தான் சார் எழுதியிருந்தீங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை.

புன்னைகளை லாரியில் ஏற்றி ஈ.சி.ஆர். ஓரமாக நட்டார்கள். நிபந்தனைப்படி தண்ணீரும் ஊற்றினார்கள். இன்றும் நிபந்தனைப்படி நின்றுகொண்டிருக்கின்றன, இலை இல்லாமல்.

இயந்திரங்கள் தோண்டி முடித்து, கடலை உள்ளே விட்ட மறுநாள் போயிருந்தேன். மும்தாஜின் கடை இப்போது தகர வேலிக்கு வெளியே ஒரு தள்ளுவண்டி. ஏழுமலை டீ குடித்துக்கொண்டிருந்தார். வேலியின் இடுக்கில் பழுப்புத் தண்ணீர் தெரிந்தது. கொடிமர மேடை எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கே குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடிந்தது.

ஏழுமலை என்னைத் தேற்றத் தொடங்கினார். நாம் செய்ய வேண்டியதைச் செய்தோம், பெரிய இடத்து விவகாரம், யார் என்ன பண்ண முடியும் என்றார். மும்தாஜைக் காட்டி, “அக்கா அன்னிக்கிப் பேசிச்சே ஒரு பேச்சு. அது போதும் சார். தோத்தாலும் தலை நிமிந்துதான் தோத்தோம்” என்றார்.

மும்தாஜ் பாலை இறக்கி வைத்தார். என்னை ஒரு முறை பார்த்தார். நான் தலையை லேசாக அசைத்தேன், வேண்டாம் என்று. அவர் பார்க்காததுபோல் ஏழுமலையின் பக்கம் திரும்பினார்.

“ஏழுமல, ஒரு சமாச்சாரம் கீது. அந்த ரெண்டாவது கூட்டமே நான் கேட்டுத்தான் வெச்சாங்க. கேக்காம இருந்தா கேஸு நம்ம பக்கம் நின்னுருக்கும்னு வக்கீலம்மா அப்பவே சொன்னாங்க. தெரிஞ்சிகினேதான் எழுதிக் குடுத்தேன்.”

ஏழுமலைக்கு உடனே பிடிபடவில்லை. நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டார். மும்தாஜ் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார், என் பெயரை மட்டும் விட்டுவிட்டு.

“நீயா எழுதின?” என்று ஏழுமலை அவரிடம் கேட்டார்.

“நான்தான் எழுதினேன்” என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அவங்கதான் நம்மள கேக்காம பண்ணாங்கன்னு சண்ட போட்டோம்” என்றார். “நீங்க மூணு பேரும் கூடத்தான் கேக்கல. எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார். இப்டி இப்டி கீது, அக்கா பேரக் காப்பாத்தறதா, தோட்டத்தக் காப்பாத்தறதான்னு. கேட்டிருந்தா நாங்க அக்காவ திட்டாம இருந்திருப்போமே.”

விஷயம் வெளியே கசிந்திருக்கும், நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கும் என்று வழக்கறிஞர் சொன்னதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மும்தாஜ் அவர் கையிலிருந்த காலி கிளாஸை வாங்கி வைத்தார்.

“இப்ப கேக்கறேன் ஏழுமல” என்றார். “நீ இன்னா சொல்லியிருப்ப?”

ஏழுமலை வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இப்ப இன்னாத்தக்கா கேக்கற. தண்ணி உள்ள வந்துட்ச்சி.”